வட்டிக்கு உச்சவரம்பு இல்லை என்றவர்களே "வட்டி அதிகம்" என்று கடனை நிறுத்தச் சொல்வது எப்படி?

கேள்வி இதுதான்: மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்கான வட்டி உச்சவரம்பை 2022-இல் ரிசர்வ் வங்கியே எடுத்துவிட்டது. 2024 அக்டோபரில் அதே ரிசர்வ் வங்கி, வட்டி மிக அதிகம் என்று சொல்லி நான்கு நிறுவனங்களைப் புதுக்கடன் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தியது. விதியில் எண்ணே இல்லாதபோது மீறல் எங்கிருந்து வந்தது? சட்டத்துக்கு என்ன பொருள் என்று யார் முடிவு செய்கிறார்கள்? மற்ற நேரங்களில் ஏன் ஐந்து லட்சம், பத்து லட்சம் அபராதத்தோடு விட்டுவிடுகிறார்கள்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நிதித்துறைச் சட்டங்களில் முக்கியமான சொற்கள் வேண்டுமென்றே அகலமாக எழுதப்படுகின்றன. அவற்றின் எல்லையை ஒழுங்குமுறை அமைப்பு சுற்றறிக்கை, உத்தரவு, சில சமயம் வெறும் பத்திரிகைக் குறிப்பு வழியாகக்கூட வரைகிறது. அந்தக் கோடு சரியா என்பதை, யாராவது வழக்குப் போட்டால்தான் நீதிமன்றம் பார்க்கும். பெரும்பாலான நிறுவனங்கள் போடுவதில்லை. அதனால் நடைமுறையில், ரிசர்வ் வங்கியோ பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியோ சட்டத்தை எப்படிப் படிக்கிறதோ அதுவே அன்றைய சட்டம். அபராதம் அவர்கள் கையில் இருக்கும் ஆயுதங்களில் மிகச் சிறியது. செய்தியில் அடிக்கடி வருவது அது என்பதால் அதுதான் தண்டனை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நீங்கள் கேட்ட வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2022-க்கு முன்பு வங்கிசாரா மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு ஒரு சூத்திரம் இருந்தது. பெரிய நிறுவனமாக இருந்தால், நிதி திரட்டும் செலவுக்கு மேல் 10 சதவீதப் புள்ளி, அல்லது ஐந்து பெரிய வங்கிகளின் சராசரி அடிப்படை வட்டியின் 2.75 மடங்கு, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். 2022 மார்ச் 14-இல் வந்த நெறிமுறை அந்தச் சூத்திரத்தை நீக்கியது. ஆனால் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவும் வட்டிக் கொள்கை ஒன்றை ஏற்க வேண்டும். அதில் நிதிச் செலவு எவ்வளவு, இடர் கட்டணம் எவ்வளவு, லாப வரம்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். வட்டிக்கும் இதர கட்டணங்களுக்கும் தானே ஒரு உச்சத்தை எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியாக இரண்டு வரி: வட்டி கந்துவட்டி அளவுக்குப் போகக் கூடாது, இது ரிசர்வ் வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்டது.

எல்லாம் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. "எண்ணை நீயே எழுது, நியாயமா என்று நான் பார்க்கிறேன்" என்பதுதான் ஏற்பாடு. பல நிறுவனங்கள் முதல் பாதியை மட்டும் படித்தன. 2024 அக்டோபர் 17 உத்தரவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசீர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸ், கொல்கத்தாவின் ஆரோகன், டெல்லியின் டி.எம்.ஐ. ஃபைனான்ஸ், பெங்களூரின் நவி ஃபின்சர்வ் ஆகிய நான்கும் அக்டோபர் 21 வேலைநேர முடிவோடு புதுக்கடன் அனுமதிப்பதையும் வழங்குவதையும் நிறுத்த வேண்டியிருந்தது. ரிசர்வ் வங்கி காரணம் சொன்ன விதத்தைக் கவனிக்க வேண்டும். "இத்தனை சதவீதத்துக்கு மேல் வாங்கினீர்கள்" என்று அது சொல்லவில்லை. கடன்களின் எடையிட்ட சராசரி வட்டியும், நிதிச் செலவுக்கு மேல் வைத்த வித்தியாசமும் மிகையானவை என்றது. முந்தைய மாதங்களில் பல வழிகளில் எச்சரித்தும் நடைமுறை மாறவில்லை என்றது. கூடவே எண்ணால் அளக்கக்கூடிய மீறல்களையும் அடுக்கியது: குடும்ப வருமானத்தை ஒழுங்காக மதிப்பிடாதது, மாதத் தவணைச் சுமையைக் கணக்கில் எடுக்காதது, பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் கொடுத்து வாராக்கடனை மறைப்பது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்குத்தான் மைக்ரோஃபைனான்ஸ் கடன், எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பவை எண்ணோடு எழுதப்பட்ட விதிகள்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. "மிகை" என்ற குற்றச்சாட்டு மட்டும் தனியாக நின்றால் நீதிமன்றத்தில் வாதாட இடம் இருக்கும். எண்ணோடு கூடிய மீறல்களை அதனோடு பின்னிவிட்டால், முதல் குற்றச்சாட்டு ஆட்டம் கண்டாலும் உத்தரவு நிற்கும். நான்கு நிறுவனங்களும் குறைகளைச் சரிசெய்வதாக ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கின. 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. சராசரி வட்டி எவ்வளவு இருந்தால் "மிகை" என்பது கடைசிவரை எழுத்தில் வரவில்லை. இது நல்லதா? கோடு எங்கே என்று சொன்னால் எல்லோரும் கோட்டின் மேலேயே வந்து நிற்பார்கள் என்பது ஒழுங்குமுறையாளரின் வாதம். நேர்மையாக நடக்க நினைக்கும் சிறிய நிறுவனத்துக்கு இது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனக்கு இரண்டாவதன் பக்கம் கொஞ்சம் சாய்வு.

சொல்லின் பொருளை நீட்டுவதும் சுருக்குவதும் புதிதல்ல. ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் "டெபாசிட்" என்பதற்கு 45-I பிரிவில் உள்ள விளக்கத்தைப் பாருங்கள். டெபாசிட்டாகவோ கடனாகவோ "வேறு எந்த வடிவிலோ" பெறும் பணம் எல்லாமே டெபாசிட் என்று தொடங்கி, பிறகு விலக்குகளைச் சொல்கிறது. பங்கு மூலதனம், கூட்டாளிகள் போடும் முதல், வங்கிக் கடன், சீட்டுச் சந்தா, வழக்கமான வியாபாரத்தில் பொருளுக்கோ சொத்துக்கோ சேவைக்கோ வாங்கும் முன்பணம், டீலர்ஷிப் டெபாசிட் ஆகியவை விலக்கு. மோசடித் திட்டம் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த விலக்குப் பட்டியலில் ஏதோ ஒரு வரிக்குள் ஒளிந்துகொள்ள முயன்றிருக்கும். "இது டெபாசிட் இல்லை சார், மனைக்கு முன்பணம்". "இது நகைக்கு அட்வான்ஸ்". "இது ஃபிரான்சைஸ் கட்டணம்". அப்போது அதிகாரிகள் பார்ப்பது ரசீதின் தலைப்பை அல்ல. குறிப்பிட்ட மனை எண் ஒப்பந்தத்தில் உண்டா? நகையை ஒப்படைக்கும் தேதி உண்டா? கடைசியில் பெரும்பாலானோருக்குப் போனது பொருளா, கூடுதல் சேர்த்த பணமா? பணம்தான் போயிருக்கிறது என்றால் முன்பணம் என்ற பெயர் நிற்காது.

இன்னொரு வேடிக்கை. எந்தக் கம்பெனி வங்கிசாரா நிதி நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும்? "முதன்மைத் தொழில்" நிதித் தொழிலாக இருப்பது. முதன்மை என்றால் எவ்வளவு என்று சட்டத்தில் இல்லை. 1999 ஏப்ரல் 8-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட பத்திரிகைக் குறிப்புதான் அளவுகோலைத் தந்தது. மொத்தச் சொத்தில் 50 சதவீதத்துக்கு மேல் நிதிச் சொத்து, மொத்த வருமானத்தில் 50 சதவீதத்துக்கு மேல் அந்தச் சொத்திலிருந்து வரும் வருமானம். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பதிவு தேவை. கால் நூற்றாண்டாக ஆடிட்டர்கள் இந்தக் குறிப்பை வைத்தே சான்று தருகிறார்கள். சொத்து 60, வருமானம் 45 என்றால் பதிவு வேண்டாம். இதைத் தெரிந்துகொண்டு மார்ச் மாதக் கடைசி வாரத்தில் கணக்கை இப்படியும் அப்படியும் நகர்த்தும் கம்பெனிகள் உண்டு. பதிவில்லாமல் நிதித் தொழில் செய்தால் 58பி பிரிவின்படி ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை என்பதால், இந்தச் சதவீதக் கணக்கு வெறும் காகித வேலை அல்ல.

நீதிமன்றம் இந்த மாதிரிச் சொற்களை எப்படிப் படிக்கும் என்பதற்குப் பியர்லெஸ் வழக்குகள் இன்றும் அடிப்படை. கொல்கத்தாவின் பியர்லெஸ் நிறுவனம் சிறுசேமிப்புத் திட்டம் நடத்தியது. அது 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்துக்குள் வராது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் பொருளை அதன் வாசகமும் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அதில் எழுதியதை இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டாத நாள் இல்லை. அந்தச் சட்டத்தில் தோற்ற ரிசர்வ் வங்கி வேறு கதவு வழியாக வந்தது. மக்களிடம் வாங்கிய பணத்தை முழுக்கப் பொறுப்பாகக் கணக்கில் காட்ட வேண்டும், அதைப் பாதுகாப்பான முதலீட்டில் வைக்க வேண்டும் என்று 1987-இலேயே நெறிமுறை போட்டது. அதற்குமுன் அந்த நிறுவனம் முதலாண்டுச் சந்தாவின் பெரும்பகுதியை வருமானமாகவே எடுத்துக்கொண்டிருந்தது. நெறிமுறை தொழிலையே முடக்குகிறது என்று அது வாதிட்டபோது, பொருளாதாரக் கொள்கையின் நல்லது கெட்டதில் தலையிட மாட்டோம் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறையை உறுதிசெய்தது. ஒரு சட்டம் பொருந்தாவிட்டால் இன்னொரு அதிகாரத்தைக் கொண்டு அதே இடத்துக்கு வந்து சேர்வது அன்றிலிருந்து இருக்கும் பழக்கம்.

சகாரா வழக்கும் அடிப்படையில் ஒரு சொல்லுக்கான சண்டைதான்: "பொதுமக்கள்" யார்? 50 பேருக்கோ அதற்கு மேலோ பத்திரம் விற்க முன்வந்தால் அது பொது வெளியீடு என்று அன்றைய கம்பெனிச் சட்டத்தின் 67(3) பிரிவு சொன்னது. சகாராவின் இரண்டு கம்பெனிகள் கோடிக்கணக்கானோரிடம் கடன்பத்திரம் விற்றுவிட்டு, எல்லோரும் நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள், இது தனிப்பட்ட வெளியீடு, செபிக்கு இதில் வேலையில்லை என்றன. குழுமத்தின் வேறொரு கம்பெனி பங்கு வெளியீட்டுக்காகக் கொடுத்த வரைவு ஆவணத்தைப் படித்தபோதுதான் செபிக்கு இந்த விஷயமே தெரிந்தது. 2012 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் செபியின் பக்கம் நின்றது. சுமார் 24,000 கோடி ரூபாயை 15 சதவீத வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது. ஆவணங்களைக் கொடுங்கள் என்றதற்கு 127 லாரிகளில் காகிதக் கட்டுகள் வந்து இறங்கின! தகவல் கேட்டால் மறுக்காமல், தேட முடியாத அளவுக்குக் கொடுப்பதும் ஒரு தற்காப்பு முறை. இப்போது தனிப்பட்ட வெளியீட்டுக்கான வரம்பு ஒரு நிதியாண்டில் 200 பேர்.

செபி பக்கத்தில் இன்னொரு சிறு உதாரணம். இரண்டு பேர் முன்பே பேசிவைத்துக்கொண்டு, நிஃப்டி ஆப்ஷனை (நிஃப்டி பங்குக் குறியீட்டை வைத்துப் போடும் ஒப்பந்தத்தை) ஒருவர் விற்க மற்றவர் வாங்கி, சில நொடிகளில் வேறு விலையில் திருப்பிப் போட்டால், ஒருவருக்கு லாபம், மற்றவருக்குத் திட்டமிட்ட நஷ்டம். வரிக்காகச் செய்வது. இதனால் நிஃப்டி குறியீடு அசையாதே, யாருக்கும் பாதிப்பில்லையே என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் விட்டுவிட்டது. ராக்கி டிரேடிங் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: விலையை நகர்த்தினாயா என்பது மட்டும் கேள்வி அல்ல, உண்மையில் வாங்கவும் விற்கவும் எண்ணமில்லாத வர்த்தகமே நியாயமற்ற வர்த்தகம். இத்தகைய வழக்குகளில் கிரிமினல் வழக்குபோல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. சூழ்நிலைகளைச் சேர்த்துப் பார்த்து, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். செபியின் மிகப் பெரிய பலம் இந்த நிரூபண அளவுதான்.

அபராதம் வரும் வழி

வங்கி என்றால், முதலில் ஆண்டு ஆய்வு. மார்ச் 31 நிலவரத்தை அடிப்படையாக வைத்து மேற்பார்வைத் துறை பார்க்கும். குறைகள் அறிக்கையாக வங்கிக்குப் போகும், பதில் வரும், கடிதப் போக்குவரத்து நடக்கும். தண்டிக்கத்தக்கது என்று படும் குறைகள் மட்டும் அமலாக்கத் துறைக்குப் போகும். 2017 ஏப்ரலில்தான் இது தனித்துறையானது. ஆய்வு செய்தவரே தண்டிக்கவும் கூடாது என்பது அதன் நோக்கம். அங்கிருந்து "ஏன் அபராதம் விதிக்கக் கூடாது" என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ். எழுத்தில் பதில், நேரில் விசாரணை, அதன்பின் காரணங்களோடு உத்தரவு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 47ஏ பிரிவுப்படி, பணம் கேட்டு நோட்டீஸ் கிடைத்த 14 நாளுக்குள் கட்ட வேண்டும். ஆய்வுத் தேதிக்கும் உத்தரவுக்கும் இடையே ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஓடிவிடுவது சாதாரணம். இன்று நீங்கள் படிக்கும் அபராதச் செய்தி இன்றைய தவறைப் பற்றியது அல்ல.

ரிசர்வ் வங்கியின் அபராதக் குறிப்பில் மூன்று இடங்களைப் படித்தால் போதும். ஒன்று, "இந்தக் குற்றச்சாட்டு நிலைநிறுத்தப்பட்டது" என்ற வரிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. நோட்டீஸில் ஐந்து குற்றச்சாட்டு இருந்து, இங்கே ஒன்றுதான் மிஞ்சியிருக்கக் கூடும். இரண்டு, எந்தப் பிரிவின் கீழ் என்பது. உச்சவரம்பு அதில் இருக்கிறது. மூன்று, கடைசிப் பத்தியின் வழக்கமான வாசகம்: இந்த நடவடிக்கை விதிகளைப் பின்பற்றுவதில் உள்ள குறைபாட்டுக்கு மட்டுமே, வாடிக்கையாளரோடு செய்த எந்த ஒப்பந்தத்தின் செல்லுபடியையும் பற்றியது அல்ல. இந்த வாசகம் முக்கியமானது. வங்கிக்கு அபராதம் விழுந்துவிட்டது, அதனால் என் கடன் ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

தொகை ஏன் சிறியது? சட்டத்தில் இருக்கும் உச்சம் அவ்வளவுதான். வங்கிக்கு ஒரு மீறலுக்கு 1 கோடி ரூபாய், அல்லது சம்பந்தப்பட்ட தொகையைக் கணக்கிட முடிந்தால் அதன் இரு மடங்கு, எது அதிகமோ அது. தொடரும் மீறலுக்கு நாளுக்கு 1 லட்சம் வரை. கே.ஒய்.சி. சரியாகச் செய்யவில்லை, தகவலைத் தாமதமாக அனுப்பினார்கள் போன்ற மீறல்களில் "சம்பந்தப்பட்ட தொகை" என்று எதையும் சுட்ட முடியாது. அதனால் இரு மடங்கு என்ற கத்தி உறையிலேயே இருக்கும். வங்கிசாரா நிறுவனத்துக்கு 58ஜி பிரிவில் அடிப்படை உச்சம் இன்னும் குறைவு, லட்சங்களில்தான். கூட்டுறவு வங்கிகளுக்கு 50,000 ரூபாய் அபராதமெல்லாம் அடிக்கடி வரும். அவற்றின் அளவைப் பார்த்தால் அது நியாயம்தான். பெரிய வங்கிக்கு 1 கோடி என்பது ஒரு காலாண்டு லாபத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் பங்குச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும், ஆண்டறிக்கையில் எழுத வேண்டும். தொகையைவிட அதற்குத்தான் நிர்வாகம் கூசும்.

செபியிடம் தொகை பெரிது. மோசடி வர்த்தகத்துக்கு 15எச்ஏ பிரிவில் குறைந்தது 5 லட்சம், அதிகபட்சம் 25 கோடி அல்லது அடைந்த லாபத்தின் மூன்று மடங்கு. எவ்வளவு என்று முடிவுசெய்ய 15ஜே பிரிவு மூன்று அம்சங்களைத் தருகிறது: தவறானவருக்கு வந்த ஆதாயம், முதலீட்டாளருக்கு வந்த இழப்பு, மீண்டும் மீண்டும் செய்தாரா என்பது. இந்த மூன்று மட்டும்தான் என்று சட்டத்தைப் படிக்கத் தேவையில்லை, இவை உதாரணங்களே என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வாங்கிய அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும், முதலீட்டாளருக்கு அல்ல. தவறாக ஈட்டிய லாபத்தைப் பறிமுதல் செய்வது இதிலிருந்து வேறு நடவடிக்கை. விதிப்பது ஒன்று, வசூலிப்பது ஒன்று: 2024 மார்ச் நிலவரப்படி சுமார் 76,000 கோடி ரூபாயை வசூலிக்கக் கடினமான தொகை என்று செபி தன் கணக்கில் ஒதுக்கி வைத்திருந்தது.

வலிக்கும் அடி எது

தொழிலை நிறுத்தும் உத்தரவு. வங்கிகளுக்கு 35ஏ பிரிவு, வங்கிசாரா நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45எல். எச்.டி.எஃப்.சி. வங்கியின் இணையச் சேவை அடிக்கடி முடங்கியதால் 2020 டிசம்பரில் புதிய கிரெடிட் கார்டு கொடுப்பதை நிறுத்தினார்கள். எட்டு மாதம் அந்த வங்கி ஒரு புது கார்டுகூடக் கொடுக்க முடியவில்லை. எந்த அபராதமும் அந்த வலியைத் தந்திருக்காது. பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் கதையில் படிகள் தெளிவாகத் தெரியும். 2022 மார்ச்சில் புது வாடிக்கையாளர் சேர்க்கத் தடை, 2023 அக்டோபரில் 5.39 கோடி அபராதம், 2024 ஜனவரி 31-இல் டெபாசிட் வாங்கவே தடை.

2024 மார்ச் 4-இல் ஐ.ஐ.எஃப்.எல். ஃபைனான்ஸ் நகைக்கடன் கொடுப்பதை நிறுத்தச் சொன்ன உத்தரவைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், நம் ஊரில் நகைக்கடன் வைக்காத வீடு குறைவு என்பதால். குறைகளில் முதலாவது, தங்கத்தின் தரத்தையும் நிகர எடையையும் கடன் கொடுக்கும்போதும் ஏலம் விடும்போதும் மதிப்பிட்டதில் பெரிய முரண்பாடுகள். கேட்க எளிய குறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிராம் நகை. கல், அரக்கு 3 கிராம். தரம் 20 காரட். நிகர எடை 37 கிராம், 22 காரட்டுக்கு மாற்றினால் 33.6 கிராம். கிராம் 6,000 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு சுமார் 2,01,800. அன்றைய விதிப்படி 75 சதவீதம், அதாவது சுமார் 1,51,000 ரூபாய்தான் கடன். கிளையில் 40 கிராமையும் 22 காரட் என்று எழுதிக்கொண்டால் மதிப்பு 2,40,000, கடன் 1,80,000. கணினியில் 75 சதவீதம் என்றே காட்டும். உண்மையில் 89 சதவீதம். தங்க விலை பத்து சதவீதம் இறங்கினால், வட்டி சேர்ந்த பாக்கிக்கு நகை ஈடு இல்லை. வாடிக்கையாளருக்குக் கூடுதல் கடன் கிடைத்த சந்தோஷம் ஏலம் வரைதான். ஏலத்தில் அதே நகையைச் சரியான எடையில், குறைந்த தரத்தில் மதிப்பிடுவார்கள்.

இதில் ஆய்வாளர் பிடிப்பது எப்படி? கடன் பதிவில் இருக்கும் நிகர எடையையும் ஏலப் பதிவில் இருக்கும் நிகர எடையையும் பக்கத்தில் வைத்தால் போதும். ஒரே பொட்டலத்துக்கு இரண்டு எடை இருந்தால் ஏதோ ஒன்று பொய். கிளைக்கு ஒன்றிரண்டு என்றால் மதிப்பீட்டாளரின் தவறு. கிளை கிளையாக இருந்தால் கொள்கையே அப்படி. அதே உத்தரவில் சட்ட வரம்பை மீறி ரொக்கமாகக் கடன் கொடுத்ததும் வசூலித்ததும் இருந்தது. வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. தடை 2024 செப்டம்பர் 19 வரை நீடித்தது. நகைக்கடனை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு ஆறரை மாதம் புதுக்கடன் இல்லை என்றால், பழைய வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

ஒழுங்குமுறையாளர் தோற்கும் இடங்கள்

இரண்டு தீர்ப்புகளை ஒன்றாகப் படிக்க வேண்டும். 2018 பிப்ரவரி 12-இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. 2,000 கோடிக்கு மேல் கடன் வாங்கியவர் தவணை தவறினால் 180 நாளுக்குள் தீர்வு காண வேண்டும், இல்லாவிட்டால் வங்கிகள் திவால் நடவடிக்கைக்குப் போக வேண்டும். சென்னையைச் சேர்ந்த தரணி சுகர்ஸ் பெயரில் அமைந்த வழக்கில், 2019 ஏப்ரல் 2-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏஏ பிரிவு, மத்திய அரசின் அனுமதியோடு, குறிப்பிட்ட ஒரு கடன் தவறலுக்காக மட்டுமே அப்படிக் கட்டளையிட அதிகாரம் தருகிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சுற்றறிக்கை போட அல்ல. இங்கே ரிசர்வ் வங்கி தோற்றது அதிகாரத்தில். கிரிப்டோ நாணய நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி போட்ட தடை பற்றிய வழக்கில், 2020 மார்ச் 4-இல், அதிகாரம் இருக்கிறது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் கிரிப்டோ நிறுவனங்களோடு தொடர்பு வைத்ததால் எந்த வங்கிக்காவது பாதிப்பு வந்தது என்று ரிசர்வ் வங்கி காட்டவில்லை. ஒரு தொழிலின் உயிர்மூச்சை அடைக்கும் நடவடிக்கைக்கு அவ்வளவு காரணம் வேண்டும். இங்கே தோற்றது அளவில். நிறுவனத்தின் வக்கீல் முதலில் தேடுவது இந்த இரண்டு ஓட்டைகளைத்தான்: அதிகாரம் உண்டா, அளவு பொருந்துகிறதா. மூன்றாவது, நடைமுறை: எந்த ஆவணத்தை நம்பி நோட்டீஸ் கொடுத்தீர்களோ அதைக் கொடுத்தீர்களா? விசாரணை அறிக்கையின் தொடர்புடைய பகுதிகளைச் செபி கொடுத்தாக வேண்டும் என்று 2022-இல் தகானோ வழக்கில் தீர்ப்பு வந்தது.

எங்கே முறையிடுவது என்பதிலும் வித்தியாசம். செபி உத்தரவுக்கு எதிராக 45 நாளுக்குள் பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ரிசர்வ் வங்கியின் அபராதத்துக்கு எதிராக அப்படி ஒரு தீர்ப்பாயம் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். பதிவை ரத்து செய்தால் மட்டும் 30 நாளுக்குள் மத்திய அரசிடம் முறையிடலாம். அதனால்தான் செபியின் சட்ட விளக்கங்கள் வழக்குகளில் உரசி உரசித் தெளிவடைந்திருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் விளக்கங்கள் பெரும்பாலும் யாரும் தொடாமலே இருக்கின்றன.

உரிமமே இல்லாதவர்கள்

மேலே சொன்னதெல்லாம் பதிவுள்ள நிறுவனங்களுக்கு. பிடுங்க உரிமமே இல்லாதவரிடம் ரிசர்வ் வங்கியின் கை நீளாது. அது போலீஸ் வேலை. 1990களில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகு தமிழ்நாடு 1997-இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது; டான்பிட் என்று சொல்வார்கள். முதிர்வுத் தொகையைத் தராவிட்டால் பத்தாண்டு வரை சிறை, சொத்து முடக்கம், தனி நீதிமன்றம், ஏலம், எல்லோருக்கும் விகிதப்படி பங்கீடு. மத்தியச் சட்டம் இருக்கும்போது மாநிலம் இப்படிச் சட்டம் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. மகாராஷ்டிரத்தின் இதே மாதிரியான சட்டத்தை மும்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாட்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் பாஸ்கரன் வழக்கில் செல்லும் என்றது.

அந்தச் சட்டத்தின் குறை, பணம் திரும்பாத பிறகுதான் அது விழிக்கும். மாதம் தவறாமல் வட்டி வந்துகொண்டிருக்கும்வரை புகார் கொடுக்க ஆள் இருக்காது. புகார் வரும்போது பணம் இருக்காது. 2019-இன் மத்தியச் சட்டம் இதை மாற்றியது. ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டத்துக்கு விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதே குற்றம், ஓராண்டு முதல் ஐந்தாண்டு. பணத்தை வாங்குவது இரண்டாண்டு முதல் ஏழாண்டு. பணத்தைத் திருப்பித் தராமல் மோசடி செய்தால் மூன்று முதல் பத்தாண்டு. கவிழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்டும் இதில் மாட்டுவார். "நானும் என் பணத்தைத்தான் போட்டேன்" என்பது தற்காப்பு ஆகாது.

பணம் மாட்டிக்கொண்டவர் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: ரசீது அல்லது பாஸ்புக், பணம் போன வங்கிக் கணக்கின் விவரப்பட்டி, வட்டி வந்த பதிவுகள், விளம்பரத் தாள், ஏஜென்டின் வாட்ஸ்அப் உரையாடல். ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் இல்லை என்றால் அந்த உரையாடல்தான் ஆதாரம், அழித்துவிடாதீர்கள். அசலை ஒப்படைத்தால் ஒப்புகை வாங்குங்கள். தொகையைத் திரும்பத் தருகிறேன் என்று புதுத் தேதியிட்ட பத்திரமோ காசோலையோ கொடுத்து, பழைய ரசீதைத் திருப்பிக் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது, டெபாசிட் வெறும் கைமாற்றுக் கடனாக மாறுவது அந்த இடத்தில்தான், பிறகு டான்பிட் நீதிமன்றத்தில் உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதற்கே தனியாகப் போராட வேண்டியிருக்கும். பணம் போடும் முன்பாகவே பார்ப்பவர், ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் அந்த நிறுவனம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்று தேடலாம். பதிவு பெற்ற வங்கிசாரா நிறுவனம் என்பதும் டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிறுவனம் என்பதும் ஒன்றல்ல. பதிவுச் சான்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பல நிறுவனங்களுக்கு இரண்டாவது கிடையாது.